கோப்பையைத் திருப்பிப் பார்த்தால்

சென்ற மாத உரையில் நேரம் போதாமல் பாதியில் நிறுத்திய விடயத்தை இங்கே முழுமையாக எழுதித் தருகிறேன். அந்த உரைக்குப் பிறகு தொலைபேசியில் கதைத்தவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பாரிசுக்குக் கலியாணச் சாமான் வாங்கப் போறம். அப்படியே நல்ல பிரெஞ்சுப் பீங்கான் செற் ஒண்டும் வாங்கலாம் எண்டு யோசிக்கிறம். எது அசல், எது நகல்?" கடைசிப் பகுதியில் அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் அசல் எது என்று கேட்பதற்கு முன், பிரெஞ்சு என்பது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நாங்கள் வாழும் இந்தப் பான் நகரத்தின் கதை அந்தக் கேள்விக்குள்ளே அகப்பட்டுக் கிடக்கிறது.

(பான் என்று எழுதும்போதெல்லாம் பாண் என்று வாசித்துவிட்டுச் சிரிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருக்காக: இது சம்பலோடு சாப்பிடும் பாண் இல்லை, றைன் நதிக்கரையில் இருக்கும் ஊர்.)

முதலில் எங்கள் வாயில் இருக்கும் சொற்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் சோறு சாப்பிடும் தட்டைக் கோப்பை என்கிறோம். அது போர்த்துக்கீசச் சொல். அவர்களிடம் அது குடிக்கிற பாத்திரம், எங்களிடம் வந்து தட்டாகிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கும் பீரிசும் போர்த்துக்கீசம்தான். பீங்கான் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்ததென்று அகராதிகள் சொல்கின்றன. பாத்திரத்தோடு அதைக் கொண்டுவந்தவர்களின் பெயரும் வந்து எங்கள் குசினியில் தங்கிவிட்டது. எங்களுக்கென்று இருந்தவை மண் சட்டி, வாழையிலை, பித்தளை மூக்குப்பேணி. வெளியாருக்கு மூக்குப்பேணியில் தண்ணீர் கொடுத்த காலம் போய், விறாந்தையில் கண்ணாடி அலுமாரி வைத்து, அதற்குள் தேநீர்ச் செற் ஒன்றைப் பூட்டி வைத்த காலம் வந்தது. எங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று இருந்தது. அதில் நான் ஒரு நாளும் தேத்தண்ணி குடித்ததில்லை.

ஆனாலும் பீங்கான் எங்கள் மண்ணுக்குப் புதியது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியை உங்களில் பலர் அறிவீர்கள். 1970களில் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் அங்கே அகழ்ந்தபோது, சீனாவின் சொங் அரசர் காலத்துப் பீங்கான் துண்டுகள் வெளியே வந்தன. ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் தென்சீனச் சூளைகளில் சுட்டு, கப்பலேற்றி, எங்கள் கடலில் இறக்கிய சாமான்கள் அவை. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியக ஆய்வாளர்களும் அங்கு வந்து அகழ்ந்தார்கள். பிரான்ஸ் நாட்டில் பீங்கான் செய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத காலத்திலேயே அல்லைப்பிட்டிக் கடற்கரையில் பீங்கான் உடைந்து கிடந்திருக்கிறது.

ஐரோப்பா அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளப் பட்ட பாடு பெரியது. சீனப் பீங்கானைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். தேயிலைப் பெட்டிகள் நனையாமல் இருக்கக் கப்பலின் அடித்தட்டில் பீங்கானைப் பாரமாக அடுக்கிக் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கம் புதுச்சேரியைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சு இந்தியக் கம்பனியும் இதில் சளைக்கவில்லை. அவர்கள் கப்பல்கள் வந்து சேர்ந்த துறைமுகத்துக்கு லொறியோன், அதாவது 'கிழக்கு' என்றே பெயர். செய்முறை மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் 1708 அளவில் சக்சனி நாட்டில் ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரும், தங்கம் செய்து தருவேன் என்று சொல்லி அரசனிடம் சிறைப்பட்டிருந்த பொட்கர் என்ற இளைஞனும் அதைக் கண்டுபிடித்தார்கள். 1710இல் மைசென் தொழிற்சாலை தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் இன்னும் பின்னால்தான் நின்றார்கள். அவர்களுடைய பாதிரியார் தொந்திரகோல் என்பவர் சீனாவின் ஜிங்தெசென் நகரில் இருந்து, சூளைகளின் வேலைமுறையை 1712இலும் 1722இலும் நீண்ட கடிதங்களாக எழுதி அனுப்பினார். இன்றைக்கு அதற்குத் தொழில் உளவு என்று பெயர் வைப்பார்கள்.

பிரான்சில் மண் பாத்திரம் மேசைக்கு ஏறியதற்குக் காரணம் போர். 14ஆம் லூயி மன்னனுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் இல்லை. 1689இலும், மறுபடி 1709இலும், வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி நாணயமாக்கினார்கள். வெள்ளித் தட்டில் சாப்பிட்ட பிரபுக்கள் பயான்ஸ் என்ற மண் தட்டுக்கு மாறினார்கள். பயான்ஸ் என்பது பீங்கான் அல்ல. சாதாரண மண்ணைச் சுட்டு, தகரம் கலந்த வெள்ளை மெருகு பூசி, மேலே வர்ணம் தீட்டுவது. தூரத்தில் பார்த்தால் பீங்கான் போல இருக்கும். விளிம்பு உடைந்தால் உள்ளே செங்கல் நிறம் தெரிந்துவிடும். உலோகத்தைப் போர் உருக்கும். மண் பாத்திரத்தை உருக்கி ஒன்றும் எடுக்க முடியாது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது எங்கள் வீட்டுக்காரர் பித்தளைச் சாமான்களைத்தான் வளவில் தாட்டுவிட்டுப் போனார்கள். கண்ணாடி அலுமாரியிலிருந்த தேநீர்ச் செற்றை ஒருவரும் தொடவில்லை. விற்கவும் ஏலாது, சுமக்கவும் ஏலாது.

1740இல் பாரிசுக்குப் பக்கத்து வன்சேனில் தொடங்கி, 1756இல் செவ்ர் என்ற இடத்துக்கு மாறிய தொழிற்சாலைதான் பிரெஞ்சுப் பீங்கானின் அரச வீடு. ஆனால் அங்கு முதலில் செய்தது 'மென்பீங்கான்'. அசல் வெள்ளைக் களிமண் இல்லாமல், கண்ணாடித் தூள் முதலியவற்றைக் கலந்து ஒப்பேற்றியது. 1768இல் லிமோஜ் நகருக்குத் தெற்கே சன்-ரியே என்ற சிற்றூரில் அந்தக் களிமண் கிடைத்தது. அவ்வூர் வைத்தியர் டார்னே என்பவரின் மனைவி துணி வெளுக்கப் பயன்படும் என்று எடுத்து வந்த வெள்ளை மண்தான் அது என்று சொல்லப்படுகிறது. வைத்தியரின் பெயர் நிலைத்துவிட்டது, மண்ணைக் கண்ட அம்மாவின் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. அந்த மண்ணின் பெயர் கயோலின். அதுவும் சீனாவின் கவோலிங் என்ற மலையின் பெயர்தான். எங்கள் நாட்டிலும் பொரலஸ்கமுவையிலும் மீட்டியகொடையிலும் இதே மண்ணை வெட்டுகிறார்கள். 1771இல் லிமோஜில் முதல் தொழிற்சாலை எழுந்தது.

இனி பான் நகருக்கு வருவோம். பொப்பல்ஸ்டோர்ப் அரண்மனையைத் தெரியாத பான் வாசி இல்லை. பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. அதைக் கட்டத் தொடங்கியவர் யோசப் கிளெமன்ஸ். கேல்ன் திருச்சபை நாட்டை ஆண்ட பேராயர். அந்த நாட்களில் அந்தப் பேராயர்களுக்குத் தலைநகர் கேல்ன் அல்ல, பான்தான். 1701இல் வெடித்த ஸ்பானிய வாரிசுப் போரில் இவர் பிரெஞ்சு மன்னனின் பக்கம் நின்றார். தோற்றார். 1702இல் பான் நகரை விட்டு ஓடினார். நமூர், லீல், வலன்சியன் என்று ஊர் மாறி ஊர், 13 வருடம் அந்நிய மண்ணில் பிரெஞ்சு மன்னனின் தயவில் வாழ்ந்தார். பேரரசர் அவரை நாடு கடத்தி ஆணையும் பிறப்பித்தார். சுருக்கமாகச் சொன்னால், பான் நகரத்து ஆட்சியாளர் ஒரு அகதி.

1715இல் திரும்பி வந்தபோது அவர் கொண்டு வந்தது பிரெஞ்சு ரசனை. பிரெஞ்சு அரசனின் கட்டடக் கலைஞர் றொபேர் து கொத் என்பவரிடம் வரைபடம் வாங்கி, அதே ஆண்டில் பொப்பல்ஸ்டோர்ப் அரண்மனையைத் தொடங்கினார். இருந்த இடத்தின் சாப்பாடு, உடுப்பு, வீடு எல்லாம் அவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டன. இதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் எங்கள் ஆட்கள் புதிதாகக் கட்டும் வீடுகளில் ஜேர்மன் யன்னல் வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அவருக்குப் பின் வந்தவர் அவருடைய தமையன் மகன் கிளெமன்ஸ் ஒகுஸ்ட். இவருடைய சிறுவயதுக் கதையை வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. நாங்கள் அப்படிக் கடக்க முடியாது. அதே போரில் தகப்பன், பவேரியாவின் ஆட்சியாளர், பிரெஞ்சுப் பக்கம் ஓடினார். தாய் வெனிசுக்குப் போய்த் திரும்ப முடியாமல் அங்கேயே தங்க நேர்ந்தது. பிள்ளைகளை ஒஸ்திரியர் பிடித்து முதலில் கிளாகன்பூட்டிலும் பிறகு கிராட்சிலும் காவலில் வளர்த்தார்கள். 1700இல் பிறந்த அந்தப் பையன் தாய் தகப்பனை மீண்டும் கண்டது 1715இல். 14 வயது. தாயும் தகப்பனும் ஒரு நாட்டில், பிள்ளை இன்னொரு நாட்டில் என்று வருடக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்கள் எங்களுக்குள் எத்தனை இருக்கின்றன என்று நான் எண்ணிச் சொல்லத் தேவையில்லை.

இவர் 1723இல் பதவிக்கு வந்து 1761இல் இறக்கும்வரை கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். புறூலில் உள்ள இரண்டு அரண்மனைகளும் இவருடையவை. 1984 முதல் அவை யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. பான் நகரிலிருந்து ரெயினில் கொஞ்ச நேரப் பயணம். பால்கன்லுஸ்ட் என்ற சின்ன அரண்மனையின் படிக்கட்டுச் சுவர் முழுவதும் நீலமும் வெள்ளையுமாக ஒல்லாந்து ஓடுகள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பிறர் செய்ததை வாங்கி வாங்கி அலுத்ததாலோ என்னவோ, 1755இல் பொப்பல்ஸ்டோர்ப்பிலேயே ஒரு பயான்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கினார். அந்தத் தொழில் கைமாறிக் கைமாறி, 1825இல் லூட்விக் வெசல் என்பவரிடம் வந்தது. வெசல் தொழிற்சாலை பிற்காலத்தில் கழிவறைப் பீங்கானும் செய்தது. அரசர் மேசைக்குத் தொடங்கியது கக்கூசில் போய் முடிந்ததே என்று சிலர் நையாண்டி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொப்பல்ஸ்டோர்ப் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது அரண்மனை இல்லை, அந்தச் சூளைதான்.

பானின் கடைசி ஆளும் பேராயர் மக்ஸ் பிரான்ஸ். இவர் பிரெஞ்சு அரசி மரி அந்துவனெத்தின் சொந்தத் தம்பி, பேத்தோவனின் எசமானர். 1789இல் பாரிசில் புரட்சி வெடித்ததும் பிரெஞ்சுப் பிரபுக்கள் றைன் கரைக்கு ஓடி வந்தார்கள். கொப்லன்ஸ் அவர்களுடைய பெரிய முகாம் போல ஆகிவிட்டது. இரண்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பி வந்தவர்கள். கொண்டுவந்த நகையையும் வெள்ளியையும் விற்று விற்றுச் சாப்பிட்டார்கள். அங்கே வெர்சாய் அரண்மனையின் தளபாடங்களை 1793 ஓகஸ்ட் தொடங்கி ஒரு வருடம் ஏலம் விட்டார்கள். 17,000க்கும் மேற்பட்ட ஏல உருப்படிகள். 1794 ஒக்ரோபரில் பிரெஞ்சுப் படை பான் நகருக்குள் வந்தபோது மக்ஸ் பிரான்சும் ஓடினார். 1801இல் வியன்னாவுக்குப் பக்கத்தில் இறந்தார், பான் நகரை மறுபடி காணவேயில்லை. அதன் பிறகு 1814 தொடக்கம்வரை, ஏறக்குறைய 20 வருடம், பான் பிரெஞ்சு ஊர். பிரெஞ்சுச் சட்டம், பிரெஞ்சுச் சுங்கம். றைன் நதிதான் பிரான்சின் எல்லை. அந்த வருடங்களில் பொப்பல்ஸ்டோர்ப்பில் சுட்ட ஒரு தட்டைப் பிரெஞ்சுத் தட்டு என்று சொன்னால் சட்டப்படி பிழை சொல்ல முடியாது.

சந்தையில் 'இது பிரெஞ்சு' என்று விற்கும் சாமான்களில் பல இப்படி எல்லை தாண்டியவைதான். வில்லறோய் அன்ட் பொக் என்ற பெயரைத் தெரியாத ஜேர்மன் வீடு இல்லை. அது தொடங்கியது 1748இல், லொரேன் பகுதியில் ஓடன்-லு-திஷ் என்ற கிராமத்தில், பிரான்சுவா பொக் என்ற இரும்பு வேலைக்காரரின் குடும்பத்தில். 1766இல் லொரேன் பிரான்சோடு சேர்ந்ததும் சுங்கவரி வந்தது. மறு வருடமே பொக் சகோதரர்கள் லக்சம்பேர்க் நகருக்குப் பக்கத்தில் புதுச் சூளை போட்டார்கள். 1809இல் மெட்லாகில் ஒரு பழைய மடத்துக்குள் இன்னொன்று. 1836இல் வில்லறோய் குடும்பத்தோடு கூட்டு. பிரெஞ்சுப் பெயர்களைத் தாங்கிய ஜேர்மன் கம்பனி என்று நாங்கள் பார்ப்பது, எல்லைக் கோடு நகர நகர இடம் மாறிய குடும்பங்களின் தொழில்.

சார்கமின் தொழிற்சாலை இன்னும் விசித்திரம். 1790இல் பிரான்சில் தொடங்கியது. 1871இல் அந்த ஊர் ஜேர்மனிக்குப் போனது. பெயர் சார்கமுண்ட் ஆனது. பிரெஞ்சு வாடிக்கையாளர்களை இழக்க விரும்பாத முதலாளிகள், புது எல்லைக்கு அப்பால் டிகுவான், வித்ரி-லு-பிரான்சுவா என்ற ஊர்களில் கிளைச் சூளைகள் திறந்தார்கள். 1918இல் ஊர் பிரான்சுக்குத் திரும்பியது. 1940இல் மறுபடி ஜேர்மனி, 1944இல் மறுபடி பிரான்ஸ். வீட்டு வாசலை விட்டு நகராமலே ஒரு கிழவி தன் வாழ்நாளில் நான்கு தடவை குடியுரிமை மாறியிருப்பாள். 1939 செப்டெம்பரில் போர் தொடங்கியதும் எல்லையோர மக்களை அரசாங்கம் ரெயிலில் ஏற்றி மேற்கே அனுப்பியது. சார்கமின் ஆட்கள் ஷரான்ற் பகுதிக்கு. அல்சாஸ் ஆட்களில் பலர் லிமோஜ் பக்கத்துக்கு. கையில் ஒரு பெட்டியோடு, வேறு பேச்சுவழக்கோடு, லிமோஜ் ரெயில் நிலையத்தில் இறங்கிய அந்த அகதிகளைப் பற்றிப் பீங்கான் கடை விளம்பரங்களில் ஒரு வரியும் இருக்காது.

எங்கள் வீட்டில் ஒரு சார்கமின் தட்டு இருக்கிறது. நாங்கள் வாங்கியதில்லை. 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்து, ஹைமில் இருந்து, பிறகு முதல் வீடு கிடைத்தபோது, தேவாலயக்காரர் தந்த ஒரு பெட்டிச் சாமானுக்குள் இருந்தது. ஆறு தட்டு, ஆறும் ஆறு சாதி. பழைய சாமான் தெருவில் வைக்கும் நாட்களில் எடுத்து வந்தவையும் சேர்ந்தன. அந்தக் காலத்தில் வந்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு செற் என்று ஒன்றுமில்லை. அம்மா பிறகு ஊரிலிருந்து வந்தபோது அந்தத் தட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டா. விளிம்பில் நீலப் பூ. "இது எங்கட மாமி வீட்டுப் பீங்கான் மாதிரி கிடக்கு" என்பா. அதன் பின்புற முத்திரையை அவ ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் பார்த்ததும் பல வருடங்கள் கழித்துத்தான். அங்கிருந்துதான் எனக்கு இந்த வரலாற்றுப் பைத்தியம் பிடித்தது.

பான் ஊரின் சொந்தக் கதையை முடித்துவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் அன்டன் மேலம் என்ற பெயரில் இங்கே இன்னொரு பெரிய தொழிற்சாலை இருந்தது. அதன் பூச்சாடிகளும் கடிகாரக் கூடுகளும் 'றோயல் பொன்' என்ற முத்திரையோடு அமெரிக்கா வரை போயின. நியூயோர்க்கின் அன்சோனியா கடிகாரக் கம்பனி இந்தக் கூடுகளுக்குள் தன் கடிகாரங்களைப் பொருத்தி விற்றது. அவற்றின் மாதிரிகளுக்கு வைத்த பெயர்கள் என்ன தெரியுமா? லா பிரெத்தாஞ், லா வாந்தே, லா சவுவா. எல்லாம் பிரெஞ்சு மாகாணங்கள். செய்தது பான் தொழிலாளி, வாங்கியது அமெரிக்கச் சீமாட்டி, பெயர் மட்டும் பிரெஞ்சு. அந்தத் தொழிற்சாலையை 1920களின் தொடக்கத்தில் வில்லறோய் அன்ட் பொக் வாங்கியது, 1931இல் மூடியது.

லிமோஜ் மட்டும் சுத்தப் பிரெஞ்சா என்றால், அதுவும் இல்லை. அந்த ஊரின் மிகப் புகழ்பெற்ற பெயர் ஹவிலண்ட்; 1842இல் நியூயோர்க்கிலிருந்து வந்து குடியேறிய அமெரிக்க வியாபாரியின் பெயர். அவர்கள் தொழிற்சாலையிலிருந்து அமெரிக்க வீடுகளுக்குப் போன தட்டுகளுக்குக் கணக்கில்லை. ஓவியர் றெனுவார் பிறந்தது லிமோஜில். சிறுவனாகப் பாரிசில் பீங்கானுக்குப் பூ வரைந்துதான் கைச்செலவுக்குச் சம்பாதித்தார். அந்தப் பூக்களுக்குப் பின்னால் வேர்வையும் இரத்தமும் உண்டு. 1905இல் மேற்பார்வையாளர் ஒருவர் வேலை செய்யும் பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தம் ஊர் முழுக்கப் பரவியது. ஏப்ரல் 17இல் படையினர் சுட்டதில் கமிய் வார்டெல் என்ற இளம் தொழிலாளி இறந்தான். 19 வயது.

சரி, இனி வாங்குகிற கதை.

லாச்சப்பலுக்குப் போகாத குடும்பம் எங்களுக்குள் இல்லை. கேல்னில் அதிவேக ரெயில் ஏறினால் கார் டு நோர் நிலையத்தில் இறங்கலாம். முன்பு தாலிஸ் என்றார்கள், இப்போது அதற்கும் யூரோஸ்டார் என்றே பெயர். இறங்கியவுடன் எல்லோரும் வடக்கே திரும்பிச் சேலைக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடப்பார்கள். அதே போபூர் சன்-டெனி வீதியில் தெற்கே திரும்பி ஒரு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். வலது கைப்பக்கம் றூ து பரடி, சொர்க்க வீதி, வரும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாரிசின் பீங்கான், பளிங்குக் கடைகளின் தெரு அதுதான். ஏன் அங்கே? கார் டு லெஸ்ற் நிலையம் பக்கத்தில். லொரேனிலிருந்து வரும் பளிங்கும் பயான்சும் அங்கேதான் வந்து இறங்கின. எங்கள் கடைகள் லாச்சப்பலில் முளைத்ததும் ரெயில் நிலையத்தின் பக்கம் என்பதால்தானே. பக்கரா பளிங்குக் கம்பனி 2003வரை அந்தத் தெருவில் இருந்தது. இப்போது பெரும்பாலான கடைகள் மூடிவிட்டன. 18ஆம் இலக்கக் கட்டடத்தில் மட்டும், ஷுவாசி-லு-றுவா பயான்ஸ் தொழிற்சாலை தன் காட்சிக்கூடத்துக்கென்று பதித்த வர்ண ஓட்டுச் சித்திரங்கள் இன்னும் இருக்கின்றன. வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அதைப் பார்க்கக் காசு தேவையில்லை.

வாங்கும்போது கோப்பையைத் திருப்புங்கள். லிமோஜ் என்பது ஊரின் பெயர், கம்பனியின் பெயர் அல்ல. அங்கே டசின் கணக்கில் சூளைகள் இருந்தன. பழைய லிமோஜ் தட்டில் பெரும்பாலும் இரண்டு முத்திரை இருக்கும். மெருகுக்குள்ளே பச்சை நிறத்தில் இருப்பது தட்டைச் சுட்டவர் முத்திரை. மெருகுக்கு மேலே வேறு நிறத்தில் இருப்பது பூ வரைந்தவர் முத்திரை. ஒன்று மட்டும் இருந்தால், வெறும் வெள்ளைத் தட்டாக வாங்கி வேறெங்கோ வரைந்ததாக இருக்கக்கூடும்; அது குற்றமில்லை, ஆனால் விலை வேறு. நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அநேகமாக 1891க்குப் பிந்தியது; இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென்று அமெரிக்கா அப்போதுதான் சட்டம் போட்டது. செவ்ர் முத்திரையான பின்னிய இரண்டு 'எல்' எழுத்தைக் கண்டால் உடனே பரவசப்பட வேண்டாம். அதைப் போல உலகத்தில் கள்ள முத்திரை குத்தப்பட்டது வேறில்லை. 2017 முதல் 'லிமோஜ் பீங்கான்' என்ற பெயருக்குப் பிரான்சில் சட்டப் பாதுகாப்பு உண்டு: செய்வதும் வரைவதும் ஓட்-வியென் மாவட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்களுக்கு இது உதவும்.

பீங்கானா, பயான்சா என்று அறிய இரண்டு வழி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்னால் விரலை வைத்தால், பீங்கானில் விரலின் நிழல் தெரியும். விரல் நுனியால் விளிம்பைத் தட்டினால் மணி போல ஒலிக்கும். மயிர்க்கோடு ஓடியிருந்தால் ஒலி செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காது காட்டிக்கொடுக்கும்.

ஒரு விடயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய மெருகிலும் வர்ணத்திலும் ஈயம் இருக்கலாம். புளிப்பு அதைக் கரைக்கும். புளி விட்ட குழம்பு, தேசிக்காய்ச் சாறு, ஊறுகாய், தக்காளி எல்லாம் எங்கள் சாப்பாட்டில் தினமும் உண்டு. வெள்ளைக்காரர் வீட்டில் கேக் வைத்த தட்டில் நாங்கள் மீன்குழம்பு ஊற்றக் கூடாது. பழைய பயான்ஸ், வெடிப்பு விழுந்த மெருகு, உணவு படும் இடத்தில் வர்ணம் தீட்டியது, இவற்றைச் சுவரில் மாட்டுங்கள், சிறு பிள்ளைகளுக்கு அதில் சாப்பாடு போட வேண்டாம். பொன் விளிம்பு உள்ளதை மைக்ரோவேவில் வைக்கவும் வேண்டாம். அம்மாவின் தட்டைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் அதில் வெற்றிலை வைப்பதென்று உடன்பாடு ஆனது.

பாரிசுக்குப் போக வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பான் றைன்அவுவெ பூங்காவில் ஏப்ரல் முதல் ஒக்ரோபர்வரை மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையில் பழைய சாமான் சந்தை கூடுகிறது. லிமோஜ், சார்கமின், வில்லறோய், சில வேளை பான் முத்திரை போட்ட சாமானும் ஒரே மேசையில் கிடக்கும். விற்பவர்கள் அநேகமாகப் பாட்டியின் வீட்டைக் காலி செய்யும் பேரப்பிள்ளைகள். "இது யாருடையது, எங்கே வாங்கினவ?" என்று கேட்டுப் பாருங்கள். சைலீசியாவிலிருந்தோ கிழக்குப் பிரஷ்யாவிலிருந்தோ 1945இல் ஓடி வந்த பாட்டியின் கதை ஒன்று வரக்கூடும்; விலையும் கொஞ்சம் இறங்கும். காலையில் வெள்ளெனப் போங்கள், முத்திரை பார்க்கச் சின்ன டோர்ச் லைற் ஒன்றும், சுற்றிக் கொண்டுவரப் பழைய துவாய் இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.